விளக்கு வைத்த வீடும் நீ செய்த ஜெபமும்

எபினேசருக்கு,

அன்புள்ள என்று எழுதத்தான் பேனா போனது. நிறுத்திவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை, இப்போது அதை எழுத மனசு வரவில்லை. போனில் பேசலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக அந்த ஒரே பதில்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி உனக்கு மட்டும் அனுப்பப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நம் சபைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கப்போகிறேன். மரகதத்தின் வீட்டுப் பேச்சை நீ ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னாய். என் வீட்டுப் பேச்சை நான் மட்டும் ஏன் கவருக்குள் ஒட்டி வைக்க வேண்டும்? உன் அப்பா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "ரொம்பக் காரமா இருக்கே" என்றார். காரமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நீ அனுப்பிய நோட்டீஸ் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரம்பலூரில், இரண்டு மாவட்டத்துச் சபைகளும் சேர்ந்து, சபை புதிதாக உயிர்பெற வேண்டும் என்று எழுப்புதல் ஜெபம். வேத வசனங்களை வைத்து ஜெபிக்கிறோம், அம்மா கட்டாயம் வரவேண்டும் என்று குரல் செய்தி வேறு. நோட்டீஸைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பாதி இடம் உன் படம். கோட் போட்டு, விரலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாய். கீழே ஒரு வசனம். தேசத்துக்கு க்ஷேமம் தருவேன் என்று ஆண்டவர் சாலொமோனுக்குச் சொன்னது. ஆனால் அந்த வசனத்தின் கடைசித் துண்டு மட்டும்தான் இருக்கிறது. முன்பாதி எங்கே போனது? என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, தங்கள் பொல்லாத வழிகளை விட்டுத் திரும்பினால் என்று ஒரு பெரிய முன்பாதி இருக்கிறதே, அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டதா? இடத்தை உன் படம் எடுத்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

இரு, மூன்று வாரத்துக்கு முன்னால் நம் சபை உபவாச ஜெபத்தன்று என்ன நடந்தது என்று பெண்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாது. மேடையில் நின்றவனுக்கு எப்படித் தெரியும்? நீ ஜெபித்து முடித்து, சாப்பிட்டு, காரில் ஏறிப் பெரம்பலூர் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு உபவாச ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் மரகதம் உன்னிடம் வந்தாள். நான் பக்கத்தில்தான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் புரை விழுந்தவள், சுவரைத் தடவிக்கொண்டு வந்து உன் கையைப் பிடித்தாள். "தம்பி, என் மருமவ ரேவதிக்காக ஜெபம் பண்ணுப்பா. நல்ல புள்ள. வெள்ளிக்கெழமையானா வெளக்கு ஏத்துது. நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஆண்டவரு பாத்துக்குவாருன்னு விட்டுட்டேன்" என்றாள். நீ தலையை ஆட்டினாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகும்போது உன்னை அவள் இடுப்பில்தான் விட்டுவிட்டுப் போவேன். அந்த உரிமையில் வந்து சொன்னாள். ஜெபக் குறிப்பு என்றால் நம் ஆட்களுக்கு என்ன அர்த்தம்? வெளியே சொல்ல முடியாததை ஒருவர் கையில் ஒப்படைப்பது. டாக்டரிடம்கூடச் சொல்லாததை நாம் ஜெபக் குறிப்பாகச் சொல்லுவோம்.

நீ அதை வாங்கி வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாய். யோசுவா புத்தகத்தைத் திறந்தாய். ஆயி பட்டணத்தில் இஸ்ரவேலர் தோற்று ஓடியதை வாசித்தாய். ஆகான் என்பவன் சாபத்தீடான பொருளை, தொடக்கூடாது என்று ஆண்டவர் விலக்கியதை, கூடாரத்துக்குள் ஒளித்து வைத்ததை வாசித்தாய். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தச் சபையில ஏன் எழுப்புதல் வரலன்னு இன்னைக்கு எங்களுக்குக் காட்டுனீங்க. இந்தப் பாளயத்துக்குள்ள சாபத்தீடு ஒளிஞ்சிருக்கு. மரகதம் அம்மா வீட்ல ரேவதி ஒளிச்சு வச்சிருக்கிற விக்கிரகத்த வெளிய கொண்டுவாங்க" என்று கத்தினாய். சபை முழுக்க ஆமென் என்றது. பழக்க தோஷம், நானும் ஆமென் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது மண்டையில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். மரகதம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

நம் சபைக் கோவில் முகப்பில் கட்டிய ஒலிபெருக்கி மரகதத்தின் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. ரேவதி அப்போது குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாளாம். தன் பெயரை அதில் கேட்டாள். தெருவில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்கள் வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையோடு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மரகதம் தடுமாறி வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. அவள் மகன் ஜோசப், ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவன் நேரே நம் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "டீச்சர், ஒங்க புள்ள என் பொண்டாட்டிய ஊருக்கே காட்டிக் குடுத்துட்டாரு. இனிமே இந்தக் கோவில் வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்" என்றான். சின்ன வயசில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவன் உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஒங்க புள்ள என்றான்.

ரேவதி யார் வீட்டுப் பெண் என்று உனக்குத் தெரியும். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்கள். நம் பாட்டன்மார் கூலிக்குக் குனிந்த தோப்புகள் அவை. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் நம் தெருவுக்கு வந்து, நம் பானையில் சோறு வடித்து, நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்பன் வீட்டார் அவள் முகத்தில் விழிக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் அவள் அம்மா மட்டும் ஒளிந்து ஒளிந்து போனில் பேச ஆரம்பித்தாள். இப்போது அப்பன்காரன் என்ன சொல்கிறான் தெரியுமா? "நாங்க அப்பவே சொன்னோம்ல. அந்தக் கூட்டம் ஒன்ன சேத்துக்காது. இங்கயே கெட" என்கிறான். அவன் இத்தனை வருஷம் சொல்லிப் பலிக்காததை நீ ஒரே ஜெபத்தில் நிரூபித்துக் கொடுத்துவிட்டாய்.

நீ மீட்டிங் சாக்குச் சொல்ல ஆரம்பிக்கும் முன்னால், போனில் உன்னை ஒரு தடவை பிடித்துக் கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே வைத்திருக்கிறேன். "அம்மா, நான் என் வார்த்தையைப் பேசல. வசனத்தத்தான் வாசிச்சேன். பேர் போட்டு ஜெபிக்கக் கத்துக்குடுத்ததே நீங்கதானே" என்றாய். ஆமாம், நான்தான் கற்றுக்கொடுத்தேன். எதைக் கற்றுக்கொடுத்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் மேய்ப்பன் சங்கீதத்தை எடுத்து, 'என்', 'நான்' என்று வருகிற இடத்தில் உன் பெயரைப் போட்டுச் சொல்லுவேன். கர்த்தர் எபினேசரின் மேய்ப்பர், எபினேசருக்கு ஒரு குறையும் வராது. நீ சிரிப்பாய். ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பா ஆடு வாங்கி வந்து பின்னால் கட்டியிருந்தார். அதற்கு மணி என்று நீயே பெயர் வைத்தாய். அன்றைக்கு ஜெபத்தில், "கர்த்தர் மணியின் மேய்ப்பர், மணிய யாரும் வெட்ட மாட்டாங்க" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாய். அப்பா அந்த வருஷம் கோழி வாங்கினார். மணி கிழடாகிச் செத்தது. ஒரு ஆட்டைக் காப்பாற்றுவதற்காகப் பெயர் போட்ட பிள்ளை, ஒரு பெண்ணை வீட்டை விட்டுத் துரத்துவதற்குப் பெயர் போடுகிறான். எங்கே கற்றுக்கொண்டாய் இதை? என்னிடம் இல்லை.

வசனத்தை வைத்து ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் யார் பெயரை எங்கே போடுவது என்று ஒரு முறை இருக்கிறது. ஆசீர்வாதத்தில் அடுத்தவன் பெயரைப் போடு, எத்தனை பேரை வேண்டுமானாலும் போடு. குற்றம் சொல்லுகிற இடத்தில் உன் பெயரைத் தவிர வேறு பெயர் வரக்கூடாது. இது நானாகச் சொல்லுவது கிடையாது. தானியேலைத் திறந்து பார். எரேமியா எழுதியதை வாசித்துவிட்டுத்தான் அந்த மனுஷன் முழங்கால் போடுகிறான். நீ சொல்லுகிற அதே முறைதான், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜனத்துக்காக ஜெபிப்பது. சிங்கக் குகைக்குப் போனவன், குற்றம் கண்டுபிடிக்க ஆள் வைத்தும் ஒன்றும் கிடைக்காதவன். அவன் என்ன சொன்னான்? அவர்கள் பாவம் செய்தார்கள் என்று சொன்னானா? நாங்கள் பாவம் செய்தோம் என்றான். நெகேமியாவும், நானும் என் தகப்பன் வீட்டாரும் செய்தோம் என்றான். எருசலேம் மதில் இடிந்தபோது அவன் பிறக்கக்கூட இல்லை. இவர்களெல்லாம் எழுப்புதலுக்கு ஜெபித்த ஆட்கள். நீ இவர்களைத் தாண்டிக்கொண்டு நேரே ஆகானிடம் போய் நின்றாய்.

சரி, ஆகானிடமே வருகிறேன். அந்த அதிகாரம் ஆகானைக் கல்லெறிந்து கொல்வதில் போய் முடிகிறது. அந்த அதிகாரத்தை ஒரு பெண் பிள்ளையின் பெயரோடு சேர்த்து வாசிக்க உனக்கு வாய் வந்ததா? ஆகான் தனக்காகத் திருடினான், குழி தோண்டிப் புதைத்தான். ரேவதியின் விளக்கு வாசலில் நின்றால் தெரியும். இன்னொன்றும் பார். அப்பேர்ப்பட்ட ஆகானையே யோசுவா எப்படிக் கூப்பிட்டான்? என் மகனே என்று கூப்பிட்டு, நீ என்ன செய்தாய், சொல்லு என்று கேட்டான். நீ ரேவதியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவள் வீட்டுக்கு ஒரு தடவையாவது போயிருக்கிறாயா? அவளுக்கு வேதத்திலிருந்து பெயர் போட்டே ஆகவேண்டும் என்றால், வெளி ஜனத்திலிருந்து வந்து மாமியார் கையை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு மருமகளுக்கு வேதத்தில் ஒரு புத்தகமே இருக்கிறது. அந்தப் பக்கத்தை உன் கை திறக்கவில்லை.

ரேவதி போன மறுநாள் மரகதத்தைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. வேதாகமம் பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, புரை விழுந்து வருஷம் ஆகிறதே, யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டேன். அழ ஆரம்பித்தாள். "ரேவதிதான் டீச்சர். தெனம் பொழுது போனா வந்து ஒக்காந்து ஒரு சங்கீதம் படிச்சுக் காட்டும். வெள்ளிக்கெழமையும் வெளக்க ஏத்திட்டு, கைய கழுவிட்டு வந்து படிக்கும். மலைய பாத்து கண்ண ஏறெடுக்குறேன்னு வருமே, அதுல, நம்ம ஊர்ல மலையே இல்லியே அத்தன்னு சிரிக்கும். பாப்பாவுக்கும் அதையே சொல்லித்தான் தூங்க வைக்கும். நான் ஒரு நாள்கூட படின்னு சொன்னதில்ல" என்றாள். நம் சபையில் எத்தனை வீட்டில் மருமகள் மாமியாருக்கு வேதம் வாசிக்கிறாள்? நம் வீட்டில் உன் மனைவி எனக்கு வாசித்திருக்கிறாளா? அவளைக் குறை சொல்லவில்லை, கேட்கிறேன். எழுப்புதல் வா வா என்று நீ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாய். அது மரகதத்தின் ஓட்டு வீட்டுக்குள் வந்து, சத்தம் போடாமல் தினம் ஒரு சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. நீ அதை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாய்.

எழுப்புதல் எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ அப்போது கைக்குழந்தை. உன் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வண்டிப் பாதையில் தகராறு. அப்பா கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். பெரியப்பா அறுத்த நெல்லைத் தலைச்சுமையாக அரை மைல் சுற்றிக் கொண்டுபோனார். அந்த மாசம் உபவாச ஜெபத்தில் நெகேமியாவின் ஜெபத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்கச் சொன்னார்கள். நானும் என் தகப்பன் வீட்டாரும் என்கிற வசனம் உன் அப்பா பங்குக்கு வந்தது. வாசித்தவர் உட்காரவில்லை. "எங்க அண்ணன் பாதையில முள்ளு போட்டது நான்தான். நாளைக்கு எடுத்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவன் பக்கத்து வயலில் திருப்பிய தண்ணீரைச் சொன்னான், ஒருத்தி நாத்தனாரைப் பற்றிக் கட்டிவிட்ட பொய்யைச் சொன்னாள். யாரும் அடுத்தவன் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் அப்பா முள்ளை இழுத்துப் போட்டார். எதிர்ப் பக்கத்திலிருந்து பெரியப்பாவும் வந்து இழுத்தார். இரண்டு பேர் கையிலும் ரத்தம். அன்றைக்கு மைக் கிடையாது, நோட்டீஸ் கிடையாது.

உன்னிடம் முள் இல்லையா? பெரம்பலூரில் உன் தங்கை கிரேஸ் உன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறாள். கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வீட்டார் போகிற சபைக்குப் போகிறாள் என்பதற்காக, அது உயிரில்லாத சபை என்று சொல்லி அவள் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நீ போகவில்லை. இரண்டு மாவட்டத்துச் சபைகளையும் ஒன்றாக்க நோட்டீஸ் அடிக்கிறவன் தங்கை வீட்டு காலிங் பெல்லை அடிக்க மாட்டேன் என்கிறான். அந்தக் கடைசித் துண்டு வசனத்தை நோட்டீஸில் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போன வாரம் நான் ஜெயங்கொண்டம் போனேன். உன் அப்பா வேண்டாம் என்றார், அவமானப்படுவாய் என்றார். போனேன். ரேவதியின் அப்பா வெளியே வரவில்லை. அவள் அம்மா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்கார்ந்திருந்தேன். ரேவதி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். இளைத்திருந்தாள். முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அத்தைக்கு யாரு டீச்சர் படிச்சுக் காட்றாங்க?" நான்தான் போகிறேன் என்றேன். "வேகமா படிக்காதீங்க. அவங்க வாய்க்குள்ள கூடச் சொல்லுவாங்க, நிறுத்தி நிறுத்திப் படிக்கணும்" என்றாள். வீட்டுக்கு வந்துவிடு தாயே என்று கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சொன்னாள்: "எனக்கு ஒங்க சாமி மேல வருத்தம் இல்ல டீச்சர். அத்த மேலயும் இல்ல. ஒளிச்சு வச்சேன்னு சொன்னாரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல. கல்யாணத்துக்கு முன்னாடியே அத்தகிட்ட கேட்டுத்தான் வெளக்கு வச்சேன். நான் யாருக்குத் தெரியாம என்ன பண்ணேன்? மைக்குல சொன்ன அண்ணன் மைக்கு இல்லாம வந்து சொல்லட்டும். எங்கப்பா காதுல விழற மாதிரி சொல்லட்டும். அதுக்கப்பறம் நான் வர்றதப் பத்தி பாக்கலாம்."

நியாயமான பேச்சு. இதைவிடக் குறைவாக யாரும் கேட்க முடியாது. அவளுக்கு உன் பணம் வேண்டாம், உன் பிரசங்கம் வேண்டாம். அவள் அப்பன் காதில் விழ, இவள் எதையும் ஒளிக்கவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று நீ சொல்ல வேண்டும். சொன்னால் ஜோசப்புக்கு மனைவி வருவாள், மரகதத்துக்கு மருமகளும் பேத்தியும் வருவார்கள். சொல்லாவிட்டால் அந்தக் குடும்பம் அப்படியே இரண்டாகக் கிடக்கும். நாள் ஆக ஆக அவள் அப்பன் கை ஓங்கும். அந்த வீட்டில் ஏற்கெனவே விவாகரத்துக்கு வக்கீல் பேச்சு அடிபடுகிறது என்று அவள் அம்மா பஸ் ஸ்டாப் வரை வந்து காதில் சொல்லிவிட்டுப் போனாள். உனக்கு இருக்கிற நாள் கொஞ்சம்தான்.

உனக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். தோப்புக்காரன் வாசலில் போய் நாம் தலை குனிவதா என்று ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணம் எனக்கும் வந்தது. நம் தாத்தா அந்த வாசலில் கைகட்டி நின்றதை நினைத்து பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அவர் நின்றது பயத்தில். நாம் போய் நிற்பது நாம் செய்த தப்புக்காக. தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியம் நமக்கு இருக்கிறது என்பதை அந்த மனுஷனும் பார்க்கட்டுமே. வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகாதே. கோட் வேண்டாம். உன்னோடு படம் எடுக்கிற பையன்களையும் கூட்டிக்கொண்டு போகாதே.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். வேறு யாரையாவது ஜெபம் நடத்தச் சொல்லு, ஆண்டவர் உன் ஒருவனை நம்பி ஊழியம் நடத்தவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான் ஜெயங்கொண்டத்தில் அந்த வீட்டு வாசலில் இருப்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும், அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "நாங்க தப்புப் பண்ணிட்டோம், ஒங்க பொண்ணு எதையும் ஒளிக்கல" என்று சொல்லத்தான் போகிறேன். என் பிள்ளை தெரியாமல் பேசிவிட்டான் என்று உனக்காகச் சாக்குச் சொல்லமாட்டேன், அதை எதிர்பார்க்காதே. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லிவைக்கிறேன். என் கோபம் அதற்குள் ஆறியிருக்காது. ஆனாலும் வா.

அம்மா